பாட்டை விட்டு நகராத குழல்

குடியாத்தத்தில் பேண்டு செட்டில் ஆல்டோ சாக்ஸபோன் வாசிக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "அண்ணே, ஸ்டீவ் லேசின்னு ஒரு ஜாஸ் சாக்ஸபோன்காரர் தெலோனியஸ் மங்க் எழுதின பாட்டுங்களையே வாழ்நாள் பூரா வாசிச்சார்னு சொன்னீங்க. மூணு நாலு கேட்டுப் பாத்தேன். மெட்டை அப்படியே வாசிக்கிறாரு. அப்புறம் அதையே சுத்திச் சுத்தி வர்றாரு. வேகமும் இல்ல, இனிப்பும் இல்ல. அடுத்தவர் பாட்டை வாசிக்கிறதுல இவரோட பங்கு என்ன? இதை எப்படி ரசிக்கிறது?"

தம்பி, உன் காதில் கோளாறு எதுவும் இல்லை. வேகம் காட்டமாட்டார், இனிப்பு போடமாட்டார், மெட்டைச் சுற்றியே வருவார், எல்லாம் உண்மை. எனக்கும் முதலில் அப்படித்தான் பட்டது. மூன்று வருஷம் என்னிடம் இருந்த அவர் கேசட்டை அலமாரியில் போட்டுவிட்டு மறந்தே போனேன். அந்தக் கதைக்கு அப்புறம் வருகிறேன். முதலில் பங்கு விஷயம்.

நம் கச்சேரிகளில் இந்தக் கேள்வியே எழாது. தியாகராஜர் கீர்த்தனையை வாசிக்கிற வித்வானிடம் போய் "பாட்டு அவருடையது, உங்க பங்கு என்ன" என்று கேட்டுப் பார், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் முறைப்பார். யாருடைய பாடாந்தரம், சங்கதி எப்படி விழுந்தது, நிரவலுக்கு எந்த வரியைப் பிடித்தார் என்றுதான் பேச்சு போகும். ஜாஸ்காரர்கள் வழக்கம் வேறு. 1940களில் பீபாப் என்ற புதிய ஜாஸ் பாணி வந்த பிறகு மெட்டு என்பது கல்யாண வீட்டு வாசலில் கட்டும் வாழைமரம் மாதிரி ஆகிவிட்டது. நுழையும்போது ஒரு தடவை பார்க்கலாம், திரும்பும்போது ஒரு தடவை பார்க்கலாம். நடுவில் நடப்பதெல்லாம் மெட்டுக்கு அடியில் ஓடும் கார்டு (பல சுரம் சேர்ந்து ஒலிக்கும் கூட்டு) வரிசையை வைத்துக்கொண்டு ஆளாளுக்கு வாசிக்கும் கற்பனை. நடுவிலிருந்து கேட்டால் எந்தப் பாட்டு என்றே தெரியாமல் போகும். அதைக் குறையாகச் சொல்லவில்லை. பீபாப்பின் பெரிய சாக்ஸபோன்காரர் சார்லி பார்க்கர் வாசித்தால் எந்தப் பாட்டாக இருந்தால்தான் என்ன?

ஆனால் மங்க்கின் பாட்டை அப்படி வாசித்தால் பாட்டு கையை விட்டுப் போய்விடும். அது ஏன் என்று பிடிபட்டால் லேசியும் பிடிபடுவார்.

மங்க் 1917-ல் அமெரிக்காவின் வட கரோலினாவில் ராக்கி மவுண்ட் என்ற ஊரில் பிறந்து, சிறு வயதிலேயே நியூயார்க் போய், அங்கேயே பியானோ வாசித்து வாழ்ந்தவர். 1982-ல் இறந்தார். மொத்தமாக அவர் எழுதியது சுமார் 70 பாட்டுதான். அந்தப் பாட்டுகளில் கார்டு ஒரு பக்கம், மெட்டு ஒரு பக்கம், தாளம் ஒரு பக்கம் என்று தனித்தனியாகப் பிரித்து எடுக்க முடியாது. திருப்புகழ் மாதிரி.

திருப்புகழை எடுத்துக்கொள். திருவண்ணாமலை 1989 வரை நம் வட ஆற்காட்டில்தானே இருந்தது, அதனால் அருணகிரிநாதரை நம்மூர்க்காரர் என்றே நான் சொல்லிக்கொள்வேன். அவர் பாடியபோது என்ன மெட்டில் பாடினார் என்று இன்றைக்கு யாருக்கும் தெரியாது. மெட்டெல்லாம் போய்விட்டது. ஆனால் "முத்தைத்தரு பத்தித் திருநகை" என்று வாயைத் திறந்தவுடனே "தத்தத்தன தத்தத் தனதன" என்ற நடை தானாக வந்துவிடும். எந்த ராகத்தில் பாடினாலும் வரும், ராகமே இல்லாமல் வாசித்தாலும் வரும். சொல்லுக்குள்ளேயே தாளத்தை வைத்துத் தைத்துவிட்டுப் போயிருக்கிறார் மனுஷர். நம் வள்ளிமலை சுவாமிகள் போன்றவர்கள் இதை ஊர் ஊராகக் கொண்டுபோய்ச் சேர்க்க முடிந்தது என்றால், சந்தம் கெடாமல் கிடைத்ததும் ஒரு காரணம். அந்தப் பாட்டின் பொருளை மட்டும் எடுத்துக்கொண்டு வேறு சொல்லில் எழுதிப் பார், முருகன் இருப்பார், திருப்புகழ் இருக்காது.

மங்க்கின் பாட்டும் அப்படித்தான். 'எவிடன்ஸ்' என்று ஒன்று, 1948-ல் பதிவானது. 'நீ மட்டும், நான் மட்டும்' என்று பொருள்படும் பழைய காதல் பாட்டு ஒன்றின் கார்டுகளைத்தான் அடியில் வைத்திருக்கிறார். 'நாம் மட்டும்' என்பதை ஆங்கிலத்தில் 'ஜஸ்ட் அஸ்' என்று வேகமாகச் சொன்னால் 'ஜஸ்டிஸ்', அதாவது 'நீதி' என்ற சொல் மாதிரி ஒலிக்கும். நீதிக்கு வேண்டியது சாட்சியம். ஆக, பாட்டின் பெயர் 'சாட்சியம்' என்று ஆகிவிட்டது. காளமேகத்துக்குப் பிடித்திருக்கும். ஆனால் நான் சொல்ல வந்தது பெயரை இல்லை, மெட்டை. தொடையில் நாலு நாலாகத் தட்டிக்கொண்டே கேள். மெட்டு எங்கேயும் ஓடாது. ஒரு சுரம் தட்டுக்குப் பக்கத்தில் விழும், அப்புறம் சும்மா இருக்கும், அடுத்த சுரம் நீ எதிர்பார்க்காத இடத்தில் எகிறி விழும், மறுபடி சும்மா. எங்கள் தெருக் குழாயில் தண்ணீர் நின்ற பிறகு குடத்தில் சொட்டுகிற சத்தம் தெரியுமா, அந்த மாதிரி. அடுத்த சொட்டு எப்போது என்று காதை நீட்டிக்கொண்டே இருப்போம். அந்தக் காத்திருப்புதான் மெட்டே. இதன்மேல் போய் வரிசையாக, வேகமாக, இடைவெளி விடாமல் கற்பனை சுரம் வாசித்தால் கார்டு சரியாக இருக்கும், குழாய் திறந்துவிட்ட மாதிரி ஆகிவிடும். சொட்டு எங்கே?

இன்னொன்று 'ஸ்ட்ரெய்ட், நோ சேசர்'. 12 அளவு ப்ளூஸ், நாலு எண்ணிக்கை ஒரு அளவு, 12 அளவு ஒரு சுற்று. சின்ன ஒரு சொற்கட்டு, அதே கட்டு திரும்பத் திரும்ப வருகிறது, ஆனால் ஒவ்வொரு தடவையும் தாளத்தில் வேறு வேறு இடத்தில் ஆரம்பிக்கிறது. எடுப்பை மாற்றி மாற்றி வைக்கிறார் என்று நம் தவில்காரரிடம் சொன்னால் அரை நிமிஷத்தில் புரிந்துகொள்வார். ஜாஸ் வாசிக்கிறவர்களே சிலர் இதை நேராக்கி வாசித்துவிடுவார்கள்.

இப்போது கேசட் கதை. வேலூர் தொட்டப்பாளையத்தில் பழைய பேப்பர் கடை ஒன்றில் ஒரு அட்டைப்பெட்டி நிறையக் கேசட் வந்து கிடந்தது. நம் ஊர் ஆஸ்பத்திரிக்கு வந்துபோகும் வெளிநாட்டு டாக்டர்கள் யாராவது காலி செய்துவிட்டுப் போனதாக இருக்கும். வீட்டில் பதிவு செய்த கேசட் ஒன்றில், பேனாவால் ஒரு பக்கம் மங்க் என்றும் மறுபக்கம் லேசி என்றும் எழுதியிருந்தது. நான் அப்போது கிளாரினெட் பழகிக்கொண்டிருந்தேன், சாக்ஸபோன் என்று எழுதியிருந்ததால் வாங்கினேன். மங்க் பக்கம் கேட்டேன். பக்கத்துப் பக்கத்துக் கட்டைகளைச் சேர்த்து அமுக்குகிறார், திடீரென்று கையை எடுத்துவிடுகிறார். டேப்ரிக்கார்டர் மக்கர் பண்ணுகிறதோ என்று ஒரு தடவை திறந்தே பார்த்தேன். மறுபக்கம் லேசி. உனக்குப் பட்டதுதான் எனக்கும் பட்டது. தூக்கிப் போட்டுவிட்டேன்.

எங்க நைனா பேண்டு செட்டில் முப்பது வருஷம் கிளாரினெட் வாசித்தவர். நாயனக்காரர்களோடு சேர்ந்து சுற்றியவர். ஒருநாள் வீட்டைச் சுத்தம் பண்ணும்போது அந்தக் கேசட்டை எடுத்துப் போட்டார், லேசி பக்கம். பெயரும் தெரியாது, ஊரும் தெரியாது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து ஒரு பாட்டு முழுசாகக் கேட்டார். அப்புறம் சொன்னார்: "இன்னாடா இவன், பாட்டை உட்டு நவுரவே மாட்டேன்றான்!" நான் குறை சொல்கிறார் என்று நினைத்துச் சிரித்தேன். நைனா சிரிக்கவில்லை. கேசட்டைத் திருப்பிச் சுற்றி இன்னொரு தடவை கேட்டார்.

அவர் என்ன கேட்டார் என்பது எனக்கு சித்ரா பௌர்ணமி அன்றைக்குத்தான் விளங்கியது. நம் ஊர் புஷ்பப் பல்லக்கு நீயும் பார்த்திருப்பாய். ராத்திரி பூப் பல்லக்குகள் ஒவ்வொன்றாகக் கிளம்பும்போது நாயனத்தில் மல்லாரி வாசிப்பார்கள். மல்லாரிக்குச் சாகித்தியம் கிடையாது, வெறும் மெட்டும் தாளமும்தான். அதையே முதல் காலத்தில் வாசித்து, இரண்டாம் காலத்தில் வாசித்து, மூன்றாம் காலத்தில் வாசித்து, திஸ்ரத்தில் திருப்பி, சாமி ஒரு அடி நகர்வதற்குள் அந்த ஒரே மெட்டை நாலு விதமாகக் காட்டிவிடுவார்கள். மெட்டு ஒரு இடத்திலும் தொலையாது. நைனா என் தோளைத் தட்டி, "அந்த வெள்ளக்காரன் இதத்தான் பண்றான்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். தேங்காய் உடைக்கிற இடத்தில் அந்தச் சத்தத்துக்கு நடுவில் அதற்கு மேல் பேசவும் முடியாது.

சரி, இனி லேசி. 1934-ல் நியூயார்க்கில் பிறந்தவர். பழைய ஜாஸ்காரர் சிட்னி பெஷே வாசித்த சோப்ரானோ சாக்ஸபோனைக் கேட்டு அதையே எடுத்துக்கொண்டார். உன்னுடைய ஆல்டோ வளைந்த குழல். அவருடையது நேர்க் குழல், இரண்டடிக்குச் சற்று மேல் நீளம், வாயில் குறுகி அடியில் விரியும், தூரத்திலிருந்து பார்த்தால் பித்தளையில் செய்த நாயனம் என்றே நினைப்பாய். நாயனத்துக்குச் சீவாளி இரட்டை நாக்கு, இதற்கு ஒற்றை ரீடு, அது ஒரு பெரிய வித்தியாசம். சுருதி சேர்ப்பது படு கஷ்டம், உதட்டைக் கொஞ்சம் தளர்த்தினால் சுரம் இறங்கிவிடும். 1950களில் புதிய ஜாஸ் வாசிக்கிறவர்கள் யாரும் இதைப் பெரிதாகத் தொடவில்லை. 1960-ல் பிரபல சாக்ஸபோன்காரர் ஜான் கோல்ட்ரேன் 'மை ஃபேவரிட் திங்ஸ்' பாட்டை இதில் பதிவு செய்த பிறகுதான் எல்லோரும் ஆளுக்கு ஒன்று வாங்கினார்கள். லேசி அதற்கு முன்பே சில வருஷங்களாக இதே குழலோடு தனி ஆளாகத் திரிந்துகொண்டிருந்தார். பியானோ வாசித்த செசில் டெய்லரோடு சேர்ந்திருந்த காலத்தில்தான் மங்க்கின் பாட்டு அவரைப் பிடித்தது. ஒரு பாட்டை எடுத்துப் பார்த்தால் அடுத்தது, அப்புறம் அடுத்தது. பொருத்தமும் இருந்தது. மங்க்கின் வலது கை பியானோவில் எந்தப் பகுதியில் அதிகம் மேய்கிறதோ அதே உயரத்தில்தான் சோப்ரானோவும் பேசுகிறது.

1958 அக்டோபரில் 'ரிஃப்ளெக்ஷன்ஸ்' என்ற ஆல்பம் பதிவு செய்தார். மங்க் அல்லாத ஒருவர் முழுக்க முழுக்க மங்க் பாட்டுகளை மட்டும் வைத்துச் செய்த முதல் ஆல்பம் என்று சொல்வார்கள். ஏழு பாட்டு. அதில் எது இல்லை என்று பார்: எல்லோரும் வாசிக்கிற ''ரவுண்ட் மிட்நைட்' இல்லை. அதற்குப் பதில் 'ஸ்கிப்பி', 'ஃபோர் இன் ஒன்', 'ஹார்னின் இன்', யாரும் கிட்டே போகாத முள்ளுச் செடிகள். தேர்ந்தெடுத்ததிலேயே அவர் மனசு தெரிகிறது. கூட்டத்துக்குத் தெரிந்த பாட்டை வாசித்துக் கைத்தட்டு வாங்குகிற எண்ணம் இல்லை, அந்த மனுஷரின் மொத்த உலகத்துக்குள் நுழைய வேண்டும், அவ்வளவுதான். அப்போது மங்க்கும் இன்றைக்கு இருக்கிற மாதிரி சிலை வைக்கப்பட்ட ஆள் கிடையாது. நியூயார்க் கிளப்புகளில் வாசிக்கும் அனுமதி அட்டையைப் போலீஸ் 1951-ல் பிடுங்கிவைத்து, 1957-ல்தான் அது திரும்பக் கிடைத்திருந்தது.

அந்த ஆல்பத்தில் பியானோ மால் வால்ட்ரன், டிரம்ஸ் எல்வின் ஜோன்ஸ், பாஸ் புவல் நைட்லிங்கர். வால்ட்ரன் மங்க்கை நகல் எடுக்கவில்லை, அதற்காகவே அவருக்கு ஒரு மாலை போடலாம். 'ஃபோர் இன் ஒன்' மெட்டில், நடுவில் சுரங்களைச் சுருட்டிச் சுருட்டி ஒரே மூச்சில் உருட்டிவிடுகிற இடங்கள் வரும். பியானோவில் அது விரல் விளையாட்டு. நேர்க் குழலில் நாக்கும் விரலும் ஒன்றாகப் போக வேண்டும், ஒரு மயிரிழை தவறினால் சளசளவென்று ஆகிவிடும். லேசி ஒவ்வொரு சுரத்தையும் உளியால் செதுக்கின மாதிரி வைக்கிறார். நீ "இனிப்பு இல்ல" என்று சொன்னது இதைத்தான். வைப்ரேட்டோ என்று நீங்கள் செட்டில் போடுகிற அந்த நடுக்கம் அவரிடம் கிட்டத்தட்ட கிடையாது. சுரம் நேராக வரும், நேராக நிற்கும், நேராக முடியும். மங்க் மெட்டில் சுரத்துக்கும் சுரத்துக்கும் நடுவில் இருக்கும் தாண்டல்தான் எலும்பு. நடுக்கம் போட்டால் எலும்பின்மேல் சதை வைத்த மாதிரி அது மறைந்துவிடும்.

இருந்தாலும் என் அபிப்பிராயத்தில் அது இளவயசு ஆல்பம். நன்றாகப் படித்த பையன் பரீட்சை எழுதுகிற மாதிரி கொஞ்சம் விறைப்பு இருக்கிறது. அசல் திருப்பம் 1960-ல். மங்க் தன் குழுவில் லேசியைச் சேர்த்துக்கொண்டார், பதினாறு வாரம். அந்தச் சமயத்தில் மங்க் அவ்வப்போது சொன்னதையெல்லாம் லேசி ஒரு தாளில் எழுதிவைத்தார். அந்தக் கையெழுத்துத் தாளின் படம் இன்றைக்கும் இசைக்காரர்கள் கையில் சுற்றிக்கொண்டிருக்கிறது. நீ டிரம்மர் இல்லை என்பதால் தாளம் உன் பொறுப்பு இல்லை என்று நினைக்காதே, காலால் தட்டிக்கொண்டு மெட்டை மனசுக்குள் பாடியபடியே வாசி, எல்லாவற்றையும் வாசித்துவிடாதே, சிலது போகட்டும் என்று விடு, என்கிற மாதிரி பேச்சுகள். பாட்டின் நடுப்பகுதிதான் வெளிப்பகுதியை நன்றாக ஒலிக்க வைக்கிறது என்று ஒன்று. நம் சரணத்திலிருந்து பல்லவிக்குத் திரும்பும்போது பல்லவி புதுசாகத் தெரியுமே, அதேதான். அந்தத் தாளில் எனக்குப் பிடித்தது ஒரு திட்டு: அந்த வினோதமான சுரங்களையெல்லாம் நிறுத்து, மெட்டை வாசி! கெட்ட வார்த்தையோடு சொல்லியிருக்கிறார், இங்கே வேண்டாம்.

யோசித்துப் பார், யார் இதைச் சொல்வது? உலகத்திலேயே வினோதமான சுரம் வாசிக்கிறவர் என்று பெயர் வாங்கிய மங்க்! அவருக்கு அவர் சுரம் எதுவும் வினோதமாகத் தெரியவில்லை, மெட்டுக்குள் இருப்பதாகவே தெரிந்தது. லேசி வினோதமாக வாசித்தால் மங்க்குக்குப் பிடிக்கும் என்று நினைத்து ஏதேதோ ஊதியிருக்கிறார், குட்டு விழுந்தது. நைனா என்னிடமும் இப்படித்தான், ஒரு கல்யாணத்தில் ஊர்வலப் பாட்டுக்கு நடுவில் நான் என் சாமர்த்தியத்தைக் காட்டியபோது, கிளாரினெட்டை வாயிலிருந்து எடுக்காமலே முழங்கையால் ஒரு இடி இடித்தார்.

அதற்குப் பின் வந்ததைக் கேட்டால் வித்தியாசம் தெரியும். 1961-ல் பதிவான 'எவிடன்ஸ்' ஆல்பத்தில் நான்கு மங்க் பாட்டு, இன்னொரு ஜாஸ் மேதை டியூக் எலிங்டன் பக்கத்திலிருந்து இரண்டு. கூட டிரம்பெட்டில் டான் செரி, டிரம்ஸில் பில்லி ஹிக்கின்ஸ், பாஸில் கார்ல் பிரவுன். பியானோ கிடையாது. பியானோ வாசித்தவருடைய பாட்டைப் பியானோ இல்லாமல் வாசிப்பது! ஆனால் அதில்தான் சூட்சுமம். பியானோ இருந்தால் அந்த வெற்றிடங்களில் ஒரு கார்டு வந்து உட்கார்ந்துகொள்ளும். இங்கே வெற்றிடம் வெற்றிடமாகவே கிடக்கிறது, சொட்டும் சொட்டும் தனித்தனியாகக் கேட்கிறது. கற்பனை தொடங்கிய பிறகும் லேசி அந்தத் தாண்டல்களை, அந்த நிறுத்தங்களைக் கையில் வைத்துக்கொண்டே இருக்கிறார். ஒரு துண்டை எடுக்கிறார், தலைகீழாக வைத்துப் பார்க்கிறார், கொஞ்சம் தள்ளி வைக்கிறார், திருப்பி எடுத்த இடத்திலேயே வைக்கிறார். நீ "சுத்திச் சுத்தி வர்றாரு" என்றாயே, நம் ஆட்கள் ஒரு வரியை எடுத்து நிரவல் செய்யும்போது என்ன செய்கிறார்கள்? சொல் அதே சொல், தாளத்தில் சொல் விழும் இடம்கூட அநேகமாக அதே இடம், சுரம் மட்டும் ஒவ்வொரு சுற்றிலும் வேறு. மங்க்கிடம் சந்தம்தான் சொல். அதைக் காப்பாற்றிவிட்டு மற்றதை மாற்றுகிறார் லேசி.

1963-ல் டிராம்போன் வாசிக்கும் ராஸ்வெல் ரட்டோடு சேர்ந்து ஒரு குழு வைத்திருந்தார், மங்க் பாட்டு மட்டுமே வாசிப்பது என்று முடிவு செய்த குழு. வேலை கிடைக்குமா? காபிக் கடைகளில் வாசித்தார்கள். அப்படி ஒரு இடத்தில் பதிவானது 'ஸ்கூல் டேஸ்', வெளியே வந்தது 1975-ல்தான். இதுவும் பியானோ இல்லாத நால்வர் கூட்டம். ஒலி அவ்வளவு சுத்தமாக இருக்காது. எனக்கு லேசி ஆல்பம் எல்லாவற்றிலும் இதுதான் உசத்தி. 'பள்ளி நாட்கள்' என்று பெயர் வைத்ததும் சரி, ஆனால் வாசிப்பில் பரீட்சை பயம் போய் விளையாட்டு வந்துவிட்டது. மேலே நேர்க் குழல் கூர்மையாகக் குத்த, கீழே டிராம்போன் எருமை மாதிரி உறுமிக்கொண்டே நடக்கிறது. உன் பேண்டு செட்டு ஆட்களுக்கு நடுவில் உட்கார்ந்து கேள், சிரிப்பு வரும். மங்க் பாட்டில் நகைச்சுவை உண்டு என்பதையே பல பேர் மறந்துவிடுகிறார்கள், ரட் மறக்கவில்லை.

பிறகு லேசி 1970 வாக்கில் பாரிஸ் போய்ப் பல வருஷம் அங்கேயே இருந்தார். சொந்தமாக ஏகப்பட்ட பாட்டு எழுதினார். ஆனாலும் மங்க்கை விடவில்லை. 1985-ல் 'ஒன்லி மங்க்' என்று ஒன்று, தனி ஆளாக, பக்கவாத்தியமே இல்லாமல். 2004-ல் பாஸ்டனில் இறக்கும் வரைக்கும் அந்தப் பாட்டுகள் அவரிடம் இருந்தன. கணக்குப் பார்த்தால் நாற்பத்தைந்து வருஷத்துக்கு மேல்.

தனி வாசிப்பு ஆல்பத்தைப் பற்றி ஒரு மனக்குறையும் சொல்லிவிடுகிறேன். அதில் சில பாட்டுகள் உலர்ந்துபோய் இருக்கின்றன. வேலூர் மே மாசத்துப் பாலாறு மாதிரி, படுகை முழுக்கத் தெரியும், தண்ணீர் இருக்காது. படுகையின் வடிவம் பார்க்கவே ஆசைப்படுகிறவனுக்கு அது புதையல், மற்றவனுக்கு மணல். 'மிஸ்டீரியோஸோ' மட்டும் விதிவிலக்கு. ஏணிப்படியில் ஒரு கால் கீழும் ஒரு கால் மேலுமாக மாறி மாறித் தாவுகிற மெட்டு அது, ஒற்றைக் குழல் தாவுவதைக் கேட்டால் இரண்டு பேர் பேசிக்கொள்கிற மாதிரி இருக்கும். நீ ஆரம்பத்திலேயே தனி வாசிப்பில் போய் மாட்டியிருப்பாய் என்று எனக்குச் சந்தேகம்.

அடுத்தவர் பாட்டை வாசிக்க இது ஒன்றுதான் வழி என்றும் நினைக்காதே. ஜோ ஹெண்டர்சன் என்ற டெனர் சாக்ஸபோன் வாசிப்பவர் 1992-ல் 'லஷ் லைஃப்' என்று பில்லி ஸ்ட்ரேஹார்ன் என்பவர் எழுதிய பாட்டுகளை மட்டும் வைத்து ஒரு ஆல்பம் கொடுத்தார். ஒரு பாட்டு பாஸோடு மட்டும், ஒரு பாட்டு டிரம்ஸோடு மட்டும், ஒன்று பியானோவோடு, கடைசிப் பாட்டு தனி ஆளாக. ஒரே சாமிக்கு ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு அலங்காரம் செய்வது போல. இனிப்பு வேண்டும் என்றால் அங்கே போ, ஏமாற மாட்டாய். கோல்ட்ரேன் வழி வேறு. 'மை ஃபேவரிட் திங்ஸ்' என்ற நாடகப் பாட்டை எடுத்து, அதை வாசலாக வைத்துக்கொண்டு உள்ளே ஒரு காட்டையே காட்டினார். அவர் 1957-ல் மங்க்கோடு வாசித்ததும் இருக்கிறது. அந்த வருஷம் நவம்பரில் நியூயார்க் கார்னகி ஹாலில் நடந்த கச்சேரியின் டேப் 2005-ல்தான் கண்டெடுக்கப்பட்டது. அதில் கோல்ட்ரேன் ஆறு மாதிரி பாய்கிறார், மங்க் பாலம் மாதிரி நிற்கிறார். அற்புதம்தான். ஆனால் அதை லேசியோடு ஒப்பிட்டு யார் பெரியவர் என்று கேட்காதே, எனக்குப் பதில் சொல்லத் தெரியும், ஆனால் சண்டை வரும்.

உனக்கு இன்னும் ஒரு தடங்கல் இருக்கும் என்று தோன்றுகிறது. 1994-ல் 'டூயட்' படம் வந்த பிறகு நம் ஜனங்களுக்கு சாக்ஸபோன் என்றாலே கத்ரி கோபால்நாத் ஐயா வாசிப்புதான் காதில். சுரத்திலிருந்து சுரத்துக்கு வழுக்கிக்கொண்டு போகும், கமகம் வழியும். அவர் கட்டை கட்டையாகச் சுரம் பேசுகிற கருவியை வளைத்துத் தியாகராஜருக்குப் பணிய வைத்தார். கீர்த்தனை கேட்டது வளைவு, அவர் வளைவைக் கொடுத்தார். மங்க் பாட்டு கேட்பது படி. லேசி படியைப் படியாகவே வைத்தார். ஒருவர் கருவியை மறக்கடித்தார், ஒருவர் கருவியின் முரட்டுத்தனத்தை அப்படியே விட்டுவைத்தார். இரண்டு பேருமே பாட்டு சொன்னதைத்தான் கேட்டார்கள் என்பது என் கட்சி. நீ லேசியிடம் போய்க் கமகத்தைத் தேடினால் கிடைக்காது, ஆம்பூரில் போய் இட்லி தேடுகிற மாதிரி. கிடைக்காது என்றில்லை, அதற்காக யாரும் ஆம்பூர் போவதில்லை.

கேட்டால் மட்டும் போதாது, வாசித்துப் பார். 'ப்ளூ மங்க்' எடுத்துக்கொள், இருப்பதிலேயே எளிசு. பியானோவில் பி ஃபிளாட், உன் ஆல்டோவில் ஜி வரும். ஆரம்பமே பி, சி, சி ஷார்ப், டி என்று அரை அரைப் படியாக ஏறும். ஜி-யை ஷட்ஜமாக வைத்தால் அந்தர காந்தாரம், சுத்த மத்யமம், பிரதி மத்யமம், பஞ்சமம். இரண்டு மத்யமமும் அடுத்தடுத்து! நம் மேளகர்த்தாவில் ஒன்று வந்தால் ஒன்று வராது. அந்த இடத்தில் உன் விரல் தயங்கும், அந்தத் தயக்கத்தை ஒளிக்காதே. 12 அளவை முதலில் மெட்டாக மட்டும் பத்து தடவை வாசி. பதினோராவது தடவை ஒரே ஒரு சுரத்தை மாற்று, தாளத்தில் அது விழும் இடத்தை மாற்றாதே. அடுத்த தடவை சுரத்தை அப்படியே வைத்து, இடத்தை அரை எண்ணிக்கை தள்ளு. அடுத்த தடவை ஒரு கட்டை வாசிக்காமல் விட்டுவிடு, ஆனால் மனசுக்குள் பாடு. காலைத் தட்டுவதை மட்டும் நிறுத்தாதே. நான் இதை மொட்டை மாடியில் செய்தபோது பக்கத்து வீட்டு அக்கா "இன்னா தம்பி, இன்னிக்கு ஒரே பாட்டா" என்று கேட்டார்கள். அரை மணி நேரம் கழித்தும் அதே கேள்வி வந்தது, எனக்கு அது பரிசு மாதிரி இருந்தது. ஒரே பாட்டு என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறதே!

அப்புறம் 'ஸ்கூல் டேஸ்' ஆல்பத்தில் 'பை-யா' கேள். முதல் தடவை மெட்டை மனப்பாடம் பண்ணு, வேறெதுவும் கவனிக்காதே. இரண்டாவது தடவை, லேசி கற்பனை வாசிக்கும்போது நீ வாய்க்குள் மெட்டைப் பாடிக்கொண்டே இரு. உன் மெட்டும் அவர் வாசிப்பும் எங்கே தொட்டுக்கொள்கின்றன, எங்கே ஒன்றுக்கொன்று வழிவிடுகின்றன என்று பார். செல்போன் ஸ்பீக்கரில் கேட்காதே, கீழ்ச் சத்தம் காதில் விழாது.

கெங்கையம்மன் சிரசுத் திருவிழா முடிந்து உங்கள் செட்டுக்கு வேலை குறைந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை இந்தப் பக்கம் வா. அந்தக் கேசட் இன்னும் இருக்கிறது, லேசி பக்கம் கொஞ்சம் தேய்ந்திருக்கிறது, நைனா வேலை. ஆல்டோவையும் எடுத்துக்கொண்டு வா. வழியில் கிடைத்தால் எனக்கு இரண்டரை நம்பர் கிளாரினெட் ரீடு ஒரு பெட்டி வாங்கிவா, காசு இங்கே தருகிறேன்.